ஊதியமா, உரிமையா? இணையக் குழுமங்களின் தன்னார்வ ஆபரேட்டர்கள்

இணையக் குழுமங்களை ஊதியமின்றி நடத்துவோரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரு முனைகளில் நின்றுவிடுகிறது. அவர்கள் சுரண்டப்படும் தொழிலாளர்கள் என்பது ஒரு முனை. பொதுநலத் தொண்டர்கள் என்பது மறுமுனை. தாம் காத்துவரும் இடத்தின்மீது அவர்களுக்கு என்ன பிடி இருக்கிறது என்ற கேள்வியை இரண்டுமே தொடுவதில்லை. குழுமத்தையும் அழைத்துக்கொண்டு வெளியேற முடியுமா என்பதே, ஊதியத்தைவிட, ஆபரேட்டரின் நிலையைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ஐஆர்சி என்னும் அரட்டை வலையமைப்பு இதற்கு முதன்மைச் சான்று.

இருப்பே அதிகாரம்

பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் 1988இல் யார்க்கோ ஒய்க்காரினன் ஐஆர்சியை உருவாக்கினார். பல்வேறு இடங்களில் இருந்த சர்வர்கள் கோக்கப்பட்டு அது வலையமைப்பாக வளர்ந்தது. அதில் ஆபரேட்டர்கள் இருவகை. சேனல் எனப்படும் அரட்டை அறையைக் கவனிக்கும் சேனல் ஆபரேட்டரின் பெயருக்கு முன் '@' குறி நிற்கும். தொல்லை தருபவரை அவர் சேனலிலிருந்து வெளியேற்றலாம், தடை செய்யலாம். சர்வர் ஆபரேட்டரோ ஒருவரை வலையமைப்பிலிருந்தே துண்டிக்கலாம். சர்வர்களின் இணைப்பையும் அறுக்கலாம்.

தொடக்கத்தில் சேனலுக்கு உரிமைப் பதிவேடு கிடையாது. ஆளில்லாத சேனலுக்குள் முதலில் நுழைபவருக்கு '@' கிடைத்துவிடும். இதனால் ஒரு கைப்பற்றல் உத்தி பழக்கத்துக்கு வந்தது. சர்வர்களுக்கிடையே இணைப்பு அறுந்த நேரத்தில், பிரிந்து நிற்கும் சர்வர் வழியாக ஒருவர் காலியான சேனலில் நுழைந்து '@' பெறுவார். இணைப்பு மீண்டதும் பழைய ஆபரேட்டர்களை வெளியே தள்ளுவார். ஆகவே இரவும் பகலும் யாரேனும் உள்ளே இருந்தாக வேண்டும். 1993இல் எழுதப்பட்ட எக்டிராப் போன்ற பாட்கள், அதாவது தானியங்கி நிரல்கள், அந்தக் காவலை ஏற்றன.

கருத்து வேறுபாடு முற்றியபோது சர்வர் ஆபரேட்டர்கள் பிரிந்தே போனார்கள். யார் வேண்டுமானாலும் தம் சர்வரை இணைத்துக்கொள்ள இடமளித்த 'எரிஸ்' சர்வரை 1990இல் மற்றவர்கள் விலக்கியதில் ஈஎஃப்நெட் என்னும் வலையமைப்பு பிறந்தது. 1996இல் ஐரோப்பியச் சர்வர்கள் பல அதிலிருந்து பிரிந்து ஐஆர்சிநெட் ஆயின.

பெயர் போனாலும் குழுமம் போகவில்லை

கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் கூடிய ஃப்ரீநோட் வலையமைப்பைத் தன்னார்வலர்களே நடத்தினார்கள். ஆனால் பெயரும் இணைய முகவரியும் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தன. கட்டுப்பாடு யாருக்கு என்ற தகராறில் 2021 மே மாதம் ஆபரேட்டர்கள் கூட்டாக விலகி, மே 19 அன்று லிபெரா சாட் வலையமைப்பைத் தொடங்கினார்கள். சில நாட்களில், தலைப்பில் லிபெராவைக் குறிப்பிட்ட நூற்றுக்கணக்கான சேனல்களை ஃப்ரீநோட்டின் புதிய நிருவாகம் தன்வசப்படுத்தியது. பயனர்கள் தங்கவில்லை, உபுண்டு, விக்கிமீடியா உள்ளிட்ட குழுமங்கள் இடம் மாறின. ஐஆர்சியின் நெறிமுறை திறந்தது. பயனர் தன் மென்பொருளில் சர்வர் முகவரியை மாற்றினால் போதும். லிபெராவோ சுவீடனில் இலாப நோக்கற்ற சங்கமாக அமைக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறானது ரெட்டிட் என்னும் விவாதத் தளம். வெளிச் செயலிகளுக்கு விதிக்கப்பட்ட கட்டணத்தை எதிர்த்து 2023 ஜூன் 12 முதல் ஆயிரக்கணக்கான குழுமங்களை அவற்றின் தன்னார்வ மட்டுறுத்துநர்கள் மூடினார்கள். தொடர்ந்து மூடி வைப்போர் மாற்றப்படக்கூடும் என்று நிறுவனம் எச்சரித்தது. பெரும்பாலான குழுமங்கள் மீண்டும் திறந்தன. பெயர், பழைய உரையாடல்கள், சர்வர் மூன்றுமே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. கதவைச் சாத்த முடிந்தவர்களால் குழுமத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியவில்லை.

இரு மறுப்புகள்

ஊதியமே முறையான தீர்வு என்பார்க்கு, அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல்மீதான வழக்கு துணை நிற்கும். அங்கே அரட்டை அறைகளைக் கவனித்த தன்னார்வலர்கள் முறைநேரம் பார்த்தார்கள், அறிக்கை அளித்தார்கள். குறைந்தபட்ச ஊதியம் கோரி 1999இல் தொடரப்பட்ட வழக்கு, 2010இல் 1.5 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. நிறுவனம் மேற்பார்வையிட்டு வாங்கும் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயமே. ஆனால் அந்தத் தொகை கடந்தகால வேலைக்கு ஈடாகுமே தவிர, குழுமத்தின் வருங்காலத்தில் அவர்களுக்கு வாக்குரிமை தராது.

இரண்டாவது மறுப்பு கனமானது: ஆபரேட்டர்களே உரிமையாளர்களானால் அது சிலர் ஆட்சியாகாதா? ஆகக்கூடும். 1990, 1996 பிரிவினைகளைத் தீர்மானித்தவர்கள் சர்வர்களைக் கையில் வைத்திருந்தவர்கள். சாதாரணப் பயனர்கள் அல்லர். இங்கே விக்கிப்பீடியா வேறொரு வழியைக் காட்டுகிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உட்பட, அதன் நிருவாகிகளைப் பங்களிப்பாளர்களே பொதுவெளியில் விவாதித்துத் தெரிவுசெய்கிறார்கள். உள்ளடக்கமும் கட்டற்ற உரிமத்தில் இருப்பதால் பிரிந்துபோகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. விளம்பரம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் 2002இல் ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர்கள் பலர் பிரிந்து தனிக் கலைக்களஞ்சியம் கண்டார்கள். விக்கிப்பீடியா இன்றுவரை விளம்பரமின்றியே இயங்குகிறது.

எனவே தன்னார்வ ஆபரேட்டர்களின் அதிகாரத்துக்கு மூன்று தேவை: திறந்த நெறிமுறை அல்லது கட்டற்ற உரிமம், பெயரையும் முகவரியையும் தன்பெயரில் வைத்திருக்கும் உறுப்பினர் சங்கம், பயனர்களுக்குப் பதில் சொல்லும் தெரிவுமுறை. முதலாவது இல்லாத இடத்தில் ஆபரேட்டரின் '@' குறி, நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய அனுமதி மட்டுமே. புதிதாகக் குழுமம் தொடங்குவோர் விதிகளை எழுதுவதற்கு முன்பே இந்த மூன்றையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.