சட்டைப்பைக்குள் ஒரு துப்பாக்கி

     

'சட்டைப்பைத் துப்பாக்கி மனிதனுக்குத் தந்தது பாதுகாப்பா, ஆபத்தா?' இதுதான் தலைப்பு. 'ஆபத்தே' என்று வாதாட வந்திருக்கிறேன். நடுவர் கேட்டார், "தமிழ்ப் பேராசிரியருக்கும் துப்பாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு. சம்பந்தம் இருக்குங்க ஐயா! வான்சிறப்பு அதிகாரத்திலே வள்ளுவரே 'துப்பாக்கி'ன்னு ஒரு சொல்லைப் போட்டு வச்சிருக்கார். (சிரிப்பு) உணவை உண்டாக்கி என்று அதற்குப் பொருள். வள்ளுவர் துப்பாக்கி வயிற்றை நிரப்பும். நான் பேச வந்த துப்பாக்கி வயிற்றிலே ஓட்டை போடும். (சிரிப்பு, கைதட்டல்)

முதலிலே இந்தச் சின்னத் துப்பாக்கி எப்படிப் பிறந்ததுன்னு பார்ப்போம். அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரம். அங்கே ஹென்றி டெரிஞ்சர் என்று ஒரு கொல்லர். 1825 வாக்கிலே உள்ளங்கைக்குள் அடங்குகிற துப்பாக்கி செய்ய ஆரம்பித்தார். ஒரு குண்டுதான் போடலாம். சுட்டாச்சுன்னா மறுபடி மருந்து கெட்டிக்கணும். அதனாலே ஜோடி ஜோடியாக விற்றார். வியாபாரம் அமோகம். மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். அவர் பெயரிலே 'ர'கர ஒலிக்கு ஓர் எழுத்துத்தான். மற்றவர்கள் இன்னொரு எழுத்தைச் சேர்த்துத் தங்கள் சரக்குக்குப் பெயர் வைத்தார்கள். கடைசியில் அகராதியிலே நின்றது அந்த இரட்டை எழுத்துத்தான்! (சிரிப்பு)

இந்தத் துப்பாக்கியை எதுக்கு வாங்கினான்? தற்காப்புக்கு. ஆனால் வரலாற்றிலே அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எது? 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 14. வாஷிங்டன் நகரிலே ஃபோர்டு நாடக அரங்கம். ஆபிரகாம் லிங்கன் மனைவியோடு நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னாலே ஜான் வில்க்ஸ் பூத் என்கிற நடிகன் வருகிறான். கையிலே டெரிஞ்சர். ஏறத்தாழ ஆறு அங்குல நீளம். ஒரே ஒரு குண்டு. நாலு ஆண்டு உள்நாட்டுப் போரை நடத்தி முடித்த மாமனிதரை, மறுநாள் காலையிலே இறந்துபோக வைத்தது அந்த ஆறு அங்குலம்.

எதிரணித் தம்பி சொன்னார், "லிங்கன் பக்கத்திலே காவல் இருந்திருந்தா நடந்திருக்காது"ன்னு. சரி தம்பி, இதற்குப் பதில் சொல்லுங்க. 1901 செப்டம்பர் 6. பஃபலோ நகரக் கண்காட்சி. ஜனாதிபதி மெக்கின்லி வரிசையிலே வந்த மக்களுக்குக் கை கொடுக்கிறார். சுற்றிலும் சிப்பாய்கள், துப்பறிவாளர்கள். அத்தனை பேரிடமும் ஆயுதம். வரிசையிலே ஒருத்தன் வலது கையிலே கைக்குட்டை சுற்றிக்கொண்டு வருகிறான். அடிபட்ட கை போலிருக்குன்னு விட்டுட்டாங்க. கைக்குட்டைக்குள்ளே நாலரை டாலருக்கு வாங்கிய சின்னச் சுழல்துப்பாக்கி! எட்டாம் நாள் ஜனாதிபதி இறந்தார். மறைக்கிற ஆயுதம் யாருக்கு உதவும்? முந்திக்கொள்கிறவனுக்கு உதவும். நல்லவன் முந்த மாட்டான். முந்தினால் அவன் நல்லவன் இல்லை! (பலத்த கைதட்டல்)

அடுத்து வந்தார் ஜான் மோசஸ் பிரவுனிங். யூட்டா மாநிலத்திலே ஆக்டன் என்ற ஊர்க்காரர். அப்பாவும் துப்பாக்கி செய்கிறவர். சட்டைப்பைக்கு ஏற்ற தானியங்கித் துப்பாக்கியை இவர் வடிவமைத்தார். 1899 முதல் பெல்ஜியத் தொழிற்சாலை செய்து விற்றது. தட்டையாக இருக்கும். கைப்பிடிக்குள்ளேயே ஏழு குண்டு. அப்புறம் 1905 வாக்கிலே இன்னொன்று வந்தது, நாலரை அங்குலம்தான்! நம்ம ஆட்கள் வெற்றிலைப் பெட்டி வைக்கிற இடத்திலே வச்சுக்கலாம். (சிரிப்பு)

இந்தப் பெல்ஜியம் பிரவுனிங் போன இடங்களைப் பாருங்க. 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையம்: கொரிய வீரர் ஆன் ஜுங்-கூன், ஜப்பானின் இட்டோ ஹிரோபூமியைச் சுட்டார். 1911 ஜூன் 17, நம்ம மணியாச்சி ரயில் நிலையம்: கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். 1914 ஜூன் 28, சாராயேவோ: ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் கவ்ரீலோ பிரின்சிப் சுட்டான், முதல் உலகப்போர் மூண்டது. வாஞ்சியின் நாட்டுப்பற்றை எடை போட நான் வரவில்லை. அந்தத் தகுதி எனக்கு இல்லை. நான் கருவியைப் பற்றிப் பேசுகிறேன். தற்காப்புக்கு என்று சொல்லி விற்ற ஒரு சின்னக் கருவி, எந்த ராணுவத்தாலும் தடுக்க முடியாத தாக்குதல் கருவியாக ஆயிற்று. அதைத்தான் சொல்கிறேன்.

"அதெல்லாம் அரசியல் ஐயா! சாதாரண குடும்பஸ்தன் கதை என்ன?"ன்னு கேட்பீங்க. வர்றேன்.

1887இலே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி ஒரு புதுச் சுழல்துப்பாக்கி கொண்டுவந்தது. சட்டைப்பையிலே மாட்டாமல் இருக்க, சுத்தியலை உள்ளே மறைத்தார்கள். அதோடு கைப்பிடியை அழுத்திப் பிடித்தால்தான் சுடும் என்று வைத்தார்கள். ஏன்? சின்னப் பிள்ளைகள் எடுத்தால் சுடக்கூடாது என்பதற்காக. ஆபத்து எங்கே இருக்குன்னு செய்தவனுக்கே தெரிஞ்சுபோச்சு! வெளியிலே இருக்கிற திருடனுக்காகத் துப்பாக்கி. வீட்டிலே இருக்கிற பிள்ளைக்காகப் பூட்டு. ஆனாலும், சில ஆண்டு கழித்து வேறொரு கம்பெனி விளம்பரம் போட்டது: படுக்கையிலே ஒரு சின்னப் பெண்குழந்தை, கையிலே சுழல்துப்பாக்கி. இது என்னை ஒண்ணும் செய்யாதுன்னு அப்பா சொன்னார் என்று அந்தக் குழந்தை சொல்கிறதாம்! தாய்மார்களே, உங்க வயிறு பதறுதா இல்லையா?

அடுத்த நூற்றாண்டுக்கு வாங்க. 1987இல் ஃப்ளோரிடா மாநிலம், தகுதி உள்ளவன் கேட்டால் மறைத்து வைத்துக்கொள்ள உரிமம் கொடுத்தே ஆகணும்னு சட்டம் போட்டது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1994இல் மத்திய அரசு, புதிதாக விற்கிற தோட்டாப் பெட்டியிலே பத்துக்கு மேல் கூடாது என்றது. கம்பெனிக்காரன் யோசித்தான்: பத்துக்கு மேல் இல்லையென்றால் பெரிய துப்பாக்கி எதுக்கு? சின்னதாச் செய்! அடக்க வந்த சட்டமே துப்பாக்கியை அடக்கமாக்கிவிட்டது. (சிரிப்பு) அந்தச் சட்டம் 2004இல் காலாவதியாயிற்று. சின்னத் துப்பாக்கி ஆகவில்லை. இன்றைக்கு அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கு மேல், மறைத்து எடுத்துப்போக உரிமமே தேவையில்லை.

சரி, முதல்முறை வாங்குகிறவனுக்கு அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஜெஃப் கூப்பர் என்கிற பயிற்சியாளர் வகுத்த நாலு விதி. ஒன்று, எந்தத் துப்பாக்கியும் குண்டு போட்டதாகவே நினை. இரண்டு, அழிக்க விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே. மூன்று, குறி பார்க்கும்வரை விசையிலே விரலை வைக்காதே. நான்கு, இலக்கு எது, அதற்குப் பின்னாலே என்ன என்று தெரிந்துகொள். அருமையான விதிகள். விசையை மூடுகிற உறையிலே போட்டு உடம்போடு வச்சுக்கோ, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வை என்றும் சொல்கிறார்கள். நடுவர் அவர்களே, இதிலே ஒரு விதியாவது திருடனைப் பத்திப் பேசுதா? அத்தனையும் வச்சிருக்கிறவனைப் பார்த்துச் சொன்னது! (கைதட்டல்)

2014 டிசம்பர் 30. ஐடஹோ மாநிலத்திலே ஹேடன் என்ற ஊர். ஒரு இளம் தாய் பிள்ளைகளோடு கடைக்குப் போகிறார். உரிமம் வாங்கியவர். கைப்பையிலே துப்பாக்கிக்கென்றே தனி அறை. அந்தப் பை கிறிஸ்துமஸ் பரிசாக வந்தது. தள்ளுவண்டியிலே இரண்டு வயது மகன். பைக்குள் கை விட்டான். தாய் அங்கேயே இறந்தார். அந்தப் பிஞ்சுக்கு என்ன தெரியும்? எந்தத் திருடனும் வரலை ஐயா. 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதிலே சுமார் 26,300 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல்! மனசு உடைந்த ஒரு ராத்திரியிலே அது கைக்கெட்டும் தூரத்திலே இருந்தது. அவ்வளவுதான்.

எதிரணி அம்மையார் ஐடா வெல்ஸைச் சொன்னார். அதை நான் மதிக்கிறேன். 1892இல் மெம்ஃபிஸ் நகரில் அவருடைய நண்பரை வெறிக்கும்பல் கொன்றது. காவலும் இல்லை, நீதியும் இல்லை. அந்தக் கறுப்பினப் பெண்மணி ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். யார் அவரைக் குறை சொல்ல முடியும்? நான் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா, சில வாரங்களிலே அவர் ஊரில் இல்லாதபோது அவருடைய பத்திரிகை அலுவலகத்தைக் கும்பல் நொறுக்கியது. அவர் எழுதியதை மட்டும் அவர்களாலே நொறுக்க முடியலை. அரசு தன் கடமையைச் செய்யாத இடத்திலேதான் மனிதன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறான். அந்த அம்மையார் வாங்கிய துப்பாக்கி பாதுகாப்புக்குச் சாட்சி அல்ல; பாதுகாப்பு இல்லாததற்குச் சாட்சி.

டெரிஞ்சர் காலத்திலிருந்து இருநூறு ஆண்டாக நீளத்தைக் குறைத்தான், எடையைக் குறைத்தான், தடிமனைக் குறைத்தான். ஆபத்தைக் குறைத்தானா? எதிரிக்கும் நமக்கும் இடையிலே இருக்க வேண்டிய ஆயுதம், நமக்கும் நம் பிள்ளைக்கும் இடையிலே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகவே நடுவர் அவர்களே, சட்டைப்பைத் துப்பாக்கி தந்தது ஆபத்தே, ஆபத்தே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.  (கைதட்டல்)