வருவித்த நோவு

இலண்டன் மாநகரிலே 1756ஆம் ஆண்டு பேர்பெற்ற மருத்துவர் சிலர் ஒருங்குகூடி ஒரு வினாவை ஆராய்ந்தனர். இடுப்பெலும்பு ஒடுங்கிய தாய்க்கு, மாதம் நிறையுமுன்னரே நோவை வருவித்துப் பிள்ளையை வெளிப்படுத்துதல் தகுமா என்பதே அவ்வினா. அக்காலத்திலே நல்லுணவும் வெயிலுமின்றி வளர்ந்த ஏழைச் சிறுமியர் பலர் என்புமென்மை நோயாற் பீடிக்கப்பட்டனர். அவர்கள் தாயாகும்போது, நிறைமாதப் பிள்ளை வெளிவர இடுப்பில் இடம் போதாதிருந்தது. வயிற்றைக் கீறி எடுத்தால் தாய் பிழைப்பது அரிது. கீறாதுவிட்டால் பிள்ளையின் தலையை உடைத்தே வெளியேற்றல் வேண்டும். ஆதலின், பிள்ளை சிறிதாயிருக்கும்போதே பனிக்குடத்தை உடைத்து நோவை எழுப்பலாமென்றும், அஃது அறத்துக்கு மாறானதன்றென்றும் கூடியிருந்தோர் முடிவு செய்தனர். மக்கோலி என்னும் மருத்துவர் அதனைச் செய்து வெற்றி கண்டாரென்பது, தோமஸ் டென்மன் பின்னாளில் எழுதிவைத்த குறிப்பால் அறியக்கிடக்கின்றது.

அவ்வினாவுக்குள்ளே இன்னொரு வினாவும் அடங்கியிருந்தது. தானே வரும் நோவைப் பொறுத்தல் ஒன்று. பிறர் குறித்த நாளிலே, பிறர் கையால் வருவிக்கப்படும் நோவைப் பொறுத்தல் மற்றொன்று. பின்னதைப் பொறுக்கப் பெண்ணுக்கு எது துணை?

அந்நாளிலே துணையென்று இருந்தவை சிறிது அபினிச் சாராயக் கரைசலும், சூழ நின்ற பெண்களுமே. இங்கிலாந்திலே பிள்ளைப்பேறு நெருங்கினால் அயற்பெண்களையும் உறவுப்பெண்களையும் அழைப்பது வழக்கம். அவர்களைக் ‘கொசிப்’ என அழைத்தனர். ஞானஸ்நானத்தால் உறவானவர் என்பதே அச்சொல்லின் பழம்பொருள். வீண்பேச்சு என்று அது பொருள் திரிந்தது பிற்காலத்திலே. மணிக்கணக்காக ஒருத்தியின் முதுகைத் தடவிக்கொண்டு பேசியிருந்தவர்களின் பெயருக்கு இக்கதி நேர்ந்தது வருந்தத்தக்கதே.

1808ஆம் ஆண்டு அமெரிக்காவிலே நியூயோர்க் மாநிலத்து மருத்துவர் ஜோன் ஸ்ரேர்ண்ஸ் என்பார் புதியதொரு தூளைப்பற்றிக் கடிதம் வெளியிட்டார். றை என்னும் தானியக் கதிரிற் பற்றும் ஒருவகைப் பூஞ்சணத்தை உலர்த்தி அரைத்த தூள் அது. ஐரோப்பிய மருத்துவச்சியர் அதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அத்தூளைக் கொடுக்கத் தொடங்கியபின் எந்தப் பிரசவமும் தம்மை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் மறித்து வைத்தது அரிதென்று ஸ்ரேர்ண்ஸ் மகிழ்ந்தார். மருத்துவரின் நேரம் மிஞ்சியது உண்மை. தாயின் கருப்பையோ இறுகினால் இறுகியபடியே நின்றது. இயற்கை நோவு அலைபோல எழுந்து தணிவது. தணியும் இடைவெளியிலேதான் தாய் மூச்செடுக்கின்றாள், பிள்ளைக்கும் குருதி பாய்கின்றது. அவ்விடைவெளியைத் தூள் அழித்துவிட்டது. இறந்து பிறந்த பிள்ளைகள் பெருகக் கண்ட நியூயோர்க் மருத்துவர் டேவிட் ஹொசாக், அதனைப் பிள்ளைகளுக்கு மரணத்தூள் என்றே 1820களில் எச்சரித்தார்.

நோவை எழுப்பும் கலை இவ்வாறு முந்திச் செல்ல, அதனை ஆற்றும் கலை தொண்ணூறு ஆண்டு பிந்தியே வந்தது. 1847ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் எடின்பரோவிலே ஜேம்ஸ் யங் சிம்சன், இடுப்பொடுங்கிய ஒரு தாய்க்கு ஈதர் ஆவியை முகரச் செய்தார். அவ்வாண்டு நவம்பரிலே குளோரபோமைத் தம் நண்பர் இருவரோடு உணவுமேசையிலிருந்து தாமே முகர்ந்து பார்த்து, மூவரும் மேசைக்கடியில் வீழ்ந்து கிடந்து எழுந்தபின், சில நாட்களுக்குள் பிரசவத்துக்கும் பயன்படுத்தினார். வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்பது ஏவாளுக்கு இட்ட தீர்ப்பன்றோ எனச் சமயத்தின் பெயரால் ஆட்சேபம் எழுமென்று கண்டு, அதற்கும் அவரே விடை எழுதினார். எபிரேய மூலத்திலுள்ள சொல் உழைப்பைக் குறிக்குமேயன்றி வலியைக் குறியாது என்பது அவர் வாதம். ஆதாமின் விலாவெலும்பை எடுக்குமுன் ஆண்டவரே அவனை ஆழ்ந்த துயிலில் ஆழ்த்தினார் என்பதையும் எடுத்துக்காட்டினார். 1853 ஏப்ரல் 7ஆம் நாள் விக்டோரியா மகாராணிக்கு லியோபோல்ட் பிறந்தபோது ஜோன் ஸ்னோ கைக்குட்டையிலே குளோரபோமைத் துளித்துளியாக இட்டு 53 நிமிடம் முகரக் கொடுத்தார். அரண்மனையில் நடந்தபின் ஆட்சேபத்துக்கு வலுவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலே நோவெழுப்பும் மருந்து வேறு வடிவெடுத்தது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியின் சாறு கருப்பையை இறுகச் செய்யுமென ஹென்றி டேல் 1906இற் கண்டறிந்தார். 1909இல் பிளேயர்பெல் அதனைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஊசியால் ஒரேயடியாக ஏற்றப்பட்ட அச்சாறு சிலருக்குக் கருப்பையையே கிழித்துவிட்டது. 1948இலே ஜெப்ரி தியோபோல்ட் என்பார் அதனை நீரிற் கலந்து நரம்புவழியே சொட்டுச் சொட்டாக இறக்கும் முறையைக் கையாண்டார். சொட்டைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். 1953இல் வின்சென்ட் டு விக்னோ அச்சாற்றின் ஒக்சிடோசினை ஆய்கூடத்திலே ஆக்கி, 1955இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றார். விரைந்த பேறு என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள்.

அதே காலத்தில் வலியைத் தணிக்க வேறு வழிகளும் வந்தன. லிவர்பூலிலே மினிற் என்பார் 1933இல் ஆக்கிய வாயுப்பெட்டியைத் தாயே கையிற்பிடித்து முகரலாம். 1936 முதல் பிரித்தானிய மருத்துவமாதரும் அதனைக் கையாள அனுமதி பெற்றனர். அச்சமே உடலை இறுக்கி வலியைப் பெருக்குகின்றதென்று கிரான்ட்லி டிக்றீட் 1933இல் நூல் எழுதினார். சோவியத் நாட்டு முறையை 1951இல் நேரிற் கண்டு திரும்பிய பெர்னான்ட் லமாஸ், மூச்சுப்பயிற்சியால் நோவை வெல்லும் வகையைப் பாரிஸ் நகரிலே கற்பித்தார். அது பொருள்முதல்வாதிகளின் முறையெனச் சிலர் அஞ்சியபோது, பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் 1956 ஜனவரியிலே அதிற் குற்றமில்லை என உரைத்தார்.

மூச்சுப்பயிற்சி இயற்கை நோவின் படிமுறையை எண்ணி அமைந்தது. சிறிய நோவு முதலில் வரும், மெல்ல வளரும், தாய் அதனோடு பழகிக்கொள்வாள். சொட்டு மருந்தோ படிகளைத் தாண்டி விரைவாக உச்சியில் ஏற்றிவிடக்கூடியது. இவ்வேறுபாட்டைப் பெண்களே பின்னர் எடுத்துரைத்தனர். 1974ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐந்து பிரசவங்களில் ஏறக்குறைய இரண்டு தூண்டப்பட்டவையாயிருந்தன. மருத்துவமனையின் அட்டவணைக்காகவே பிள்ளைகள் பிறக்கச் செய்யப்படுகின்றனரா என்ற கேள்வி பத்திரிகைகளில் எழுந்தது. 1975இல் ஷீலா கிற்சிங்கர் இத்தகைய தாய்மாரின் அனுபவங்களைத் திரட்டி வெளியிட்டார். நோவு திடீரென வந்தது, இடையில் ஓய்வில்லை, காரணத்தை எவரும் விளக்கவில்லை என்பவை அவற்றில் வந்த குறைகள். மருத்துவர் சொன்ன காரணங்கள் யாவும் பொய்யென்று கொள்ளல் ஆகாது. குருதியமுக்கம் ஏறிய தாய்க்கும் நாள் கடந்த பிள்ளைக்கும் தூண்டுதல் உயிர் காப்பது. குறை, காரணத்தைத் தாயிடம் சொல்லாமையே.

1968இலே உகண்டாவின் கம்பாலாவிற் பணியாற்றிய சுல்தான் கரீம் புரொஸ்டாகிளான்டின் என்னும் பொருளால் நோவை எழுப்பிக் காட்டினார். அவ்வினத்து மருந்துகள் கருப்பை வாயை முன்கூட்டியே இளக்குவன. இளகிய வாயில் சொட்டு மருந்தின் வேலை எளிது. முதுகெலும்பின் இடைவெளியிலே உணர்விழப்பு மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் முறையும் 1942இல் அமெரிக்காவிற் கையாளப்பட்டு, 1970களிற் பரவி, தூண்டப்பட்ட நோவுக்கு வலிய மருந்தாயிற்று. ஆனால் அதற்குத் தேர்ந்த மருத்துவர் அருகிருக்க வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் அவர் இல்லை.

பழைய ‘கொசிப்’ பெண்களின் வேலைக்கும் சான்று கிடைத்தது. 1980இலே குவாத்தமாலா நகரின் மருத்துவமனையொன்றில் நடந்த ஆய்வு வெளிவந்தது. முதற்பேற்றுத் தாய்மாருட் சிலருக்கு, முன்பின் அறியாத ஒரு பெண் அருகிருந்து கையைப் பிடித்து, முதுகைத் தடவிப் பேசிக்கொண்டிருந்தாள். சிக்கலின்றிப் பெற்றவர்களுள், துணையின்றிக் கிடந்தோருக்கு நோவு சராசரி 19 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தது. துணை பெற்றோருக்கு 9 மணித்தியாலத்துக்கும் குறைவாகவே இருந்தது.

2008ஆம் ஆண்டு பிரித்தானியச் சுகாதார சேவைக்கு வழிகாட்டும் தேசிய நிறுவனம், நோவைத் தூண்டுதல் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தூண்டப்பட்ட நோவு தானே வரும் நோவினும் கூடுதலாக வலிக்கக்கூடும் என்பதைத் தாய்க்கு முன்னதாகவே சொல்லவேண்டுமென்றும், வலி தணிக்கும் வழிகளை அவளோடு பேசவேண்டுமென்றும் அதில் எழுதப்பட்டது. இலண்டன் மருத்துவர் கூடிய நாளிலிருந்து அதுவரை 252 ஆண்டுகள் கழிந்திருந்தன.