ஓமேகா சென்டாரியும் காவலூர் கண்ணாடியும்

மண்ணரையில் ராத்திரி மொட்டை மாடியில் ஏறி நின்றால் எத்தனை நட்சத்திரம் தெரியும்? பனியன் கம்பெனி லைட்டும் ரோட்டு லைட்டும் சேர்ந்து வானத்தையே வெளுக்க வைத்திருக்கும்போது, இருபது முப்பது தேறினால் அதிகம். ஆனால் நண்பர்களே, இந்த வானத்துக்கு லண்டன்காரர்களும் பாரிஸ்காரர்களும் ஏங்கும் ஒரு வசதி உண்டு. ஓமேகா சென்டாரி என்ற மாபெரும் விண்மீன் கொத்து அவர்கள் ஊரில் அடிவானத்துக்கு மேலே வருவதே கிடையாது. திருப்பூரிலோ தெற்கே சுமார் 31 டிகிரி உயரம் வரை ஏறி வருகிறது!

வெறும் கண்ணுக்கு அது ஒரு மங்கலான புள்ளி. அந்தக் கால கிரேக்கர்கள் அதை ஒற்றை நட்சத்திரம் என்றே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 1677-ல் எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திரப் புகழ் ஹாலியேதான்) செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்து, இது நட்சத்திரம் மாதிரி இல்லையே, பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று குறித்தார். 1830-களில் தென்னாப்பிரிக்காவுக்குப் பெரிய தொலைநோக்கியைக் கொண்டுபோன ஜான் ஹெர்ஷல், அந்தப் பஞ்சு முழுக்க நட்சத்திரங்கள் என்பதைப் பார்த்துச் சொன்னார். இன்றைய கணக்கில் சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள், தூரம் ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு.

தமிழ் மண்ணுக்கும் இந்தத் தெற்கு வானத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் இருந்த ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் தேடும்போது, ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு நட்சத்திரங்கள் என்று கண்டுபிடித்தார். அப்புறம் 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் வந்தது. அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். அதுவும் தெற்கு வானத்து நட்சத்திரம்தான். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் அவர் பெயரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சங்கடமாகத்தான் இருக்கும்.

1899-ல் கொடைக்கானலுக்கு இடம் மாறியபோது முக்கிய வேலை சூரியனைப் பார்ப்பது என்றாகிவிட்டது. நட்சத்திரங்கள் பின்னுக்குப் போயின. அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர், வைணு பாப்பு.

1927-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்ததால் தொலைநோக்கிகளுக்கு நடுவிலேயே வளர்ந்தார். ஹார்வர்டில் படிக்கும்போதே 1949-ல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார், அதற்கு அவர் பெயரும் சேர்த்து வைக்கப்பட்டது. அமெரிக்காவிலேயே இருந்திருந்தால் உலகின் பெரிய தொலைநோக்கிகள் கைக்கெட்டும் தூரத்தில். அவரோ ஊர் திரும்பி 1960-ல் கொடைக்கானல் இயக்குநர் ஆனார். கொடைக்கானல் இரவுகளில் மேகத் தொல்லை. ஆகவே வேறு மலை தேடி, ஜவ்வாது மலையில் சந்தன மரக் காட்டுக்கு நடுவே காவலூரைப் பிடித்தார். சுமார் 12.5 டிகிரி அட்சரேகை என்பதால் வடக்கு வானமும் கிடைக்கும், தெற்கிலும் வெகுதூரம் தெரியும்.

1968-ல் சொந்தமாகச் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு காவலூர் தொடங்கியது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்திலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. வந்த வருஷமே, வியாழனின் கானிமீட் நிலவு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைப் படித்து, அதற்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்கலாம் என்று தடயம் தந்தது.

அடுத்ததும் வாங்கியிருக்கலாம். திருப்பூரில் நிட்டிங் மிஷின் ஜெர்மனியிலிருந்து இறக்கி, மறுநாளே துணி ஓட்டுவதில்லையா? லாப நஷ்டக் கணக்குப் போட்டால் அதுதான் சரி. பாப்பு போட்டது வேறு கணக்கு. வாங்கினால் ஒரு தொலைநோக்கி கிடைக்கும், செய்தால் செய்யத் தெரிந்த ஆட்கள் கிடைப்பார்கள். அதனால் 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்வது என்று முடிவானது. கண்ணாடிக் கட்டி வெளிநாட்டிலிருந்து வந்தாலும், அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையில். அதன் பரப்பில் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு மேடு பள்ளம் இருந்தாலும் படம் கலங்கிவிடும். தேய்ப்பது, சோதிப்பது, மறுபடி தேய்ப்பது... வருஷக்கணக்கில் நடந்தது. தாங்கும் இரும்புக் கட்டமைப்பு மகாராஷ்டிராவின் வால்சந்த்நகரில் உருவானது.

வேலை முடியும் முன்பே, 1982 ஆகஸ்ட் 19 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஜெர்மனியின் மூனிச் நகரில் பாப்பு காலமானார். வயது 55. அப்போது அவர் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவர். தான் திட்டம் போட்ட தொலைநோக்கியில் ஒரு நட்சத்திரத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தார். வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயர். 2016-ல் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வரும்வரை, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் படிக்கும் இந்தியத் தொலைநோக்கிகளில் இதுவே பெரியது.

இருட்டில் நன்றாக விரிந்த மனிதக் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர். பரப்பளவில் பார்த்தால் காவலூர் கண்ணாடி அதைப்போல் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். இன்டர்நெட்டில் வரும் நீலமும் சிவப்புமான கேலக்ஸி படங்களை நினைத்துக்கொண்டு சாதாரணத் தொலைநோக்கியில் கண் வைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியும் சக்தி குறைவு, ஆண்ட்ரோமீடா கேலக்ஸிகூட சாம்பல் புகை மாதிரிதான் தெரியும். கேமரா நிமிஷக்கணக்கில், மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைப்பதால்தான் அந்த நிறங்கள். விண்மீன் கொத்துகள் அப்படி ஏமாற்றுவதில்லை. கறுப்புத் துணியில் சர்க்கரை கொட்டியது போல ஓமேகா சென்டாரி கண்ணெதிரே பிரிந்து தெரியும்.

பார்க்க ஆசையா? மே மாத நடுவில், ராத்திரி பத்தே கால் மணி வாக்கில், அது சரியாகத் தெற்கே உச்சத்தில் இருக்கும். மண்ணரையில் முடியாது. காங்கேயம் பக்கம் லைட் இல்லாத காட்டு வெளிக்குப் போங்கள், ஒரு பைனாகுலர் போதும்.