தோட்டப்புறக் கள்ளுக்கடை

புக்கிட் மெர்தாஜாமைச் சூழ்ந்த செபராங் பிறை நிலப்பகுதியில் தமிழர் குடியேற்றம் கரும்புடன் வேரூன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பத்து கவான், கலிடோனியா முதலிய கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கப்பலேறிப் பினாங்குத் துறையில் வந்திறங்கினர். பின்னர்க் கரும்பின் இடத்தை ரப்பர் பற்றிக்கொண்டது. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்த முறை ஒழிந்தது. கங்காணி ஆள்திரட்டும் காலம் ஓங்கியது. பயிர் மாறியது, முறை மாறியது. தோட்டத்துள் மாறாது நின்றவை இரண்டு: ஒன்று மாரியம்மன் கோயில், மற்றொன்று கள்ளுக்கடை.

கள் தமிழர்க்குப் புதியதன்று. நறவு, தேறல், தோப்பி எனச் சங்கச் செய்யுட்கள் அதனைப் பல பெயரால் அழைக்கின்றன. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இவ்விரு மரபையும் ஒருங்கே சுமந்துகொண்டுதான் தமிழன் மலாயாவுக்கு வந்தான். ஆயினும் இங்கு அவன் கண்ட கள்ளுக்கடை ஊரார் வைத்த கடையன்று; தோட்ட நிருவாகம் அரசின் உரிமம் பெற்று நடத்திய கடை.

தென்னம்பாளையைச் சீவிக் காலையும் மாலையும் இறக்கப்படும் கள் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். மறுநாள் அது காடியாகத் தொடங்கும். எனவே அதனைத் தொலைவிலிருந்து கொணரவும் இயலாது, சேமித்து வைக்கவும் இயலாது. தென்னையும் மரமேறியும் கடையும் குடிப்பவனும் அருகருகே இருத்தல் வேண்டும். தோட்டந்தோறும் ஒரு கடை தோன்றியதற்கு முதலாளியின் கணக்கு மட்டுமன்றி இவ்வியற்கையும் காரணமாகும்.

ஜெர்மனியின் பவேரிய நாட்டு நிலை வேறு. 1516ஆம் ஆண்டிலேயே பீருக்கு வாற்கோதுமை, ஹாப்பு, நீர் ஆகிய மூன்று மட்டுமே சேரலாம் என அங்குச் சட்டம் பிறந்தது. 1589இல் ஐந்தாம் வில்ஹெல்ம் கோமகன் தன் அரண்மனைத் தேவைக்காக நிறுவிய மியூனிக் வடிசாலையே, 1828இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, உலகப் புகழ்பெற்ற ஹோப்பிராய்ஹவுஸ் பீர்மண்டபமாயிற்று. குளிர்ந்த நிலவறையில் நாட்பட இருக்கவல்ல பீர், நீண்ட மேசைகளையும் பெருங்கூட்டத்தையும் உண்டாக்கியது. கூட்டம் உள்ள இடத்தில் அரசியல் நுழையும். 1920 பெப்ரவரி 24ஆம் நாள் ஹிட்லர் தன் கட்சியின் இருபத்தைந்து அம்சத் திட்டத்தை அறிவித்தது அம்மண்டபத்தில்தான். 1923 நவம்பரில் ஆட்சியைப் பறிக்க முயன்றதும் அந்நகரின் இன்னொரு பீர்மண்டபத்தில்தான்.

தோட்டத்துக் கள்ளுக்கடையும் ஓர் அரசியலைப் பெற்றெடுத்தது. ஆனால் அது கடைக்குள் பிறக்கவில்லை. வாசலில் மறியல் செய்தோரிடம் பிறந்தது.

1928ஆம் ஆண்டில், போக்குவரத்து எளிதான பகுதிகளில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட் என ஊதியம் வரையறுக்கப்பட்டது. உலக வணிக மந்தத்தில் அதுவும் குறைந்தது. அச்சிறு கூலியில் ஒரு பகுதி மாலையே கள்ளுக்கடையின் வழியாகத் தோட்டத்துக்கே திரும்பியது. கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என நிருவாகங்கள் விளக்கம் கூறின. குடிப்பவன் காசிலேயே அவன் குலதெய்வத்துக்குத் திருவிழா எடுக்கும் இந்த அறச்சிந்தனையைப் பாராட்டாமல் இருக்க முடியுமா!

1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் அவர்தம் கோரிக்கையாயிற்று. அவர்களை வழிநடத்திய இதழாளர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை துப்பாக்கியால் பதில் கூறியது.

போருக்குப்பின், 1946இல், புக்கிட் மெர்தாஜாமுக்கு வடக்கே கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஏ.எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. சீருடையும் அணிவகுப்பும் கொண்ட அப்படையினர் இந்திய தேசிய இராணுவத்தின் ஒழுங்கைத் தோட்டத்துக்குக் கொணர்ந்தனர். கள்ளுக்கடைகளை மறித்தனர், குடித்தவரைப் பிடித்துத் தண்டித்தனர். இப்பிற்செயல் போற்றத்தக்கதன்று, தண்டனைக்கு ஆளானவனும் அதே கூலிக்காரனே. எனினும் கிராணியின் குரலுக்கு நடுங்கிய கூட்டம், தானே விதி வகுத்துத் தானே நடைமுறைப்படுத்தத் துணிந்தது அப்பொழுதுதான். 1947இல் பீடோங்கில் போலீசாருடன் மோதல் நிகழ்ந்தது. அதே ஆண்டு, புக்கிட் மெர்தாஜாமுக்கு அண்மையதான கூலிம் மாவட்டத்து டப்ளின் தோட்டத்தில், போலீசார் சுட்டதில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அடக்குமுறையில் தொண்டர் படை கலைந்தது. 1948இல் அவசரகாலம் பிறந்தபின் அத்தகைய அமைப்புகளுக்கு இடமே இல்லாதுபோயிற்று.

கடைகள் பின்னரும் பல்லாண்டு நின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிற்பேட்டையாகவும் குடியிருப்பாகவும் மாறியபோதே அவை பெரும்பாலும் மறைந்தன. ஆனால் கள் அகன்ற இடத்தைச் சம்சு என்னும் மலிவான காய்ச்சிய மது பிடித்துக்கொண்டது. கள்ளின் காரம் பீரின் காரத்தை ஒத்தது. சம்சுவோ அதனினும் பன்மடங்கு கடியது. புளித்துக் கெடும் அச்சமும் அதற்கில்லை. போத்தலில் அடைபட்டு எங்கும் சென்றது. 1970இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இதற்கெதிராக இடைவிடாது பிரசாரம் செய்தது. மறியல் செய்ய வாசலாவது இருந்த காலம் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. சம்சு மளிகைக்கடையின் அலமாரியிலேயே இருந்தது.