படைகள் இட்ட பாதை
டோலமைட் மலையின் சரளை வழிகள் கூறும் வரலாறு

இத்தாலி நாட்டின் வடகிழக்கு மூலையில் டோலமைட் என்னும் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. ஆல்ப்ஸ் மலையின் ஒரு பகுதியாகிய இதன் பள்ளத்தாக்குகளில் மோட்டார் வண்டி நுழையாத சரளைக்கல் பாதைகள் சில உண்டு. கோடைக் காலத்தில் முதியோரும் சிறுவரும் அவற்றின்மீது மிதிவண்டியில் அச்சமின்றிச் செல்கின்றனர். இப்பாதைகளை அமைத்தவர் யார், எதற்காக அமைத்தனர் என்று வினவினால் கிடைக்கும் விடை வியப்பூட்டுவதாகும். மிதிவண்டிக்காகவோ, உலாவுவோரின் இன்பத்திற்காகவோ இவை தோன்றவில்லை. முதல் உலகப் போரில் வெடிகுண்டும் உணவும் ஏற்றிச் செல்வதற்கென்று படைகள் இட்ட இருப்புப்பாதைகளே, தண்டவாளம் நீங்கியபின் இன்று சரளை வழிகளாக விளங்குகின்றன.

இவற்றுள் பெயர்பெற்றது, தெற்கே கலால்சோ என்னும் ஊரிலிருந்து கோர்த்தினா நகரின் வழியாக வடக்கே டொப்பியாக்கோ வரை செல்லும் பாதை. இதன் நீளம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். இதில் கலால்சோ முதல் கோர்த்தினா வரையுள்ள தென்பகுதி பெரும்பாலும் தார் இடப்பட்டது. கோர்த்தினாவுக்கு வடக்கேயுள்ள ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவே பெரும்பாலும் சரளையாக உள்ளது.

வணிகர் சென்ற வழி

இருப்புப்பாதை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இப்பள்ளத்தாக்கு ஒரு பெருவழியாக இருந்தது. வெனிஸ் நகரத்து வணிகர் ஜெர்மானிய நாடுகளுக்குச் சரக்குக் கொண்டுசென்ற வழிகளுள் இதுவும் ஒன்று. கடோரே நாட்டுக் காடுகளில் வெட்டிய மரங்கள் பியாவே ஆற்றில் மிதந்து வெனிஸை அடைந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்திரியப் பேரரசு இங்கே குதிரை வண்டிகள் செல்லத்தக்க சாலை அமைத்தது. அதற்கு ‘அலமாஞா சாலை’, அஃதாவது ‘ஜெர்மனிச் சாலை’ என்று பெயர். அப்பெயர் இன்றும் வழங்குகிறது.

1866இல் வெனிஸும் கடோரேயும் இத்தாலியோடு சேர்ந்தன. கோர்த்தினா மட்டும் ஆஸ்திரியாவின் திரோல் மாநிலத்திலேயே நின்றது. ஆகவே, ஒரே பள்ளத்தாக்கின் குறுக்கே இரு நாடுகளின் எல்லைக்கோடு விழுந்தது. 1871இல் ஆஸ்திரியரின் புகைவண்டி வடக்கே டொப்பியாக்கோவை அடைந்தது. 1914இல் இத்தாலியரின் புகைவண்டி தெற்கே கலால்சோவை அடைந்தது. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு பெரிதன்று. ஆயினும் எல்லையும் மலையும் குறுக்கே நின்றமையால், அமைதிக் காலத்தில் இவ்விரு முனைகளும் இணையவில்லை. அவற்றை இணைக்கும் வேலையைப் போரே தொடங்கிவைத்தது.

மலைமீது போர்

1915 மே 23ஆம் நாள் இத்தாலி ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் அறிவித்தது. அம்மாத இறுதிக்குள் இத்தாலியப் படைகள் கோர்த்தினாவுக்குள் புகுந்தன. ஆனால் அதற்கு அப்பால் அவை எளிதில் முன்னேற இயலவில்லை. ஆஸ்திரியர் மலைமுடிகளைப் பற்றிக்கொண்டு நின்றனர். மொந்தே பியானா முதலிய உச்சிகளில் இரு படைகளும் பாறையைக் குடைந்து பதுங்கி, இரண்டரை ஆண்டுக் காலம் எதிரெதிரே கிடந்தன. பகைவனின் குண்டுக்கு இரையானவர் ஒருபுறம். பனிச்சரிவிலும் குளிரிலும் மடிந்தவர் மறுபுறம்.

இத்தகைய போரில் வீரத்தினும் இன்றியமையாதது வழங்கல். உச்சியில் நிற்கும் வீரனுக்கு உணவு, விறகு, மருந்து, குண்டு ஆகிய அனைத்தும் கீழிருந்தே செல்லவேண்டும். கோவேறு கழுதைகளும் வண்டிகளும் அதற்குப் போதவில்லை. எனவே இத்தாலியர் தெற்கிலிருந்தும், ஆஸ்திரியர் வடக்கிலிருந்தும் குறுகிய அகலமுடைய களப்பாதைகளை இட்டு வந்தனர். குறுகிய பாதைக்கு இலேசான தண்டவாளம் போதும். மலையின் வளைவுகளுக்கு ஏற்ப அது வளைந்து செல்லும். விரைவாகவும் இட்டு முடிக்கலாம். 1917 அக்டோபரில் கப்போரெத்தோப் போரில் இத்தாலியர் தோற்றுப் பின்வாங்கவே, பள்ளத்தாக்கு முழுவதும் ஆஸ்திரியர் கைக்கு வந்தது. இரு பகைவரும் தனித்தனியே தொடங்கிய வேலை ஒரே பாதையாக இணைவதற்கு அப்போதுதான் வழி பிறந்தது.

இரும்பு ஓடிய ஆண்டுகள்

1918 நவம்பரில் போர் ஓய்ந்தது. 1919இல் கையெழுத்தான சான் ஜெர்மேன் உடன்படிக்கையின்படி கோர்த்தினாவும் டொப்பியாக்கோவும் இத்தாலிக்கு உரியவாயின. பள்ளத்தாக்கைப் பிளந்த நாட்டெல்லை மறைந்தது. படைப்பாதை செப்பம் செய்யப்பெற்று, 950 மில்லிமீட்டர் அகலமுள்ள இருப்புப்பாதையாக 1921இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1929இல் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. பள்ளி மாணவரும் உழவரும் மலை காண வந்த செல்வரும் ஒரே வண்டியில் சென்றனர். 1956இல் கோர்த்தினாவில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றபோது, காணவந்த கூட்டத்தைச் சுமந்தவற்றுள் இவ்வண்டியும் ஒன்று.

ஆனால் அதற்குள் மோட்டார் வாகனத்தின் காலம் வந்துவிட்டது. சாலையில் பேருந்தும் காரும் பெருகப் பெருக, மெல்ல ஊர்ந்த மலைவண்டியை நாடுவோர் குறைந்தனர். 1964இல் வண்டி நின்றது. தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. மனிதர் பயனற்றதென்று கைவிட்ட ஒரு நீண்ட மண்மேடு மட்டும் எஞ்சியது.

இதன் உடன்பிறப்புகள் இரண்டிற்கும் இதே கதிதான் நேர்ந்தது. கார்தேனாப் பள்ளத்தாக்கின் 31 கிலோமீட்டர் இருப்புப்பாதை 1915 செப்டம்பரில் தொடங்கப்பெற்று, 1916 பிப்ரவரியில் முடிந்தது. கடுங்குளிரில், ஐந்தே திங்களில் அதனை முடித்தவர்களுள் ஆயிரக்கணக்கான ரஷ்யப் போர்க் கைதிகள் இருந்தனர். ஓரா என்னும் ஊரிலிருந்து பியெம்மேப் பள்ளத்தாக்கிற்குச் சென்ற பாதையும் அப்போரிலேயே, கைதிகளின் உழைப்பையும் கொண்டு இடப்பட்டது. கார்தேனா வண்டி 1960இலும், பியெம்மே வண்டி 1963இலும் நின்றன. ஒரே போரில் பிறந்த மூன்று பாதைகளும் நான்கே ஆண்டுகளுக்குள் மறைந்தமை கருதத்தக்கது. இன்று கார்தேனாப் பாதையின் ஒரு பகுதி நடப்போருக்கு உரியது. ஓராவிலிருந்து 1,097 மீட்டர் உயரமுள்ள சான் லுகானோக் கணவாய்க்கு ஏறும் பழைய பாதை, குகைவழிகளும் பாலங்களுமாக மிதிவண்டிக்குப் பயன்படுகிறது.

மிதிவண்டிக்கு ஏற்றது எதனால்?

புகைவண்டிப் பாதை மிதிவண்டிக்குப் பொருந்துவது தற்செயலன்று. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மீது செங்குத்தாக ஏற இயலாது, வழுக்கும். ஆதலால் பொறியாளர் மலையைச் சுற்றியும் குடைந்தும் சரிவைக் குறைத்தாக வேண்டும். டொப்பியாக்கோ நிலையம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,210 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாதையின் உச்சியாகிய சீமபாங்கேக் கணவாயின் உயரம் 1,530 மீட்டர். இந்த 320 மீட்டர் ஏற்றம் ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் பரவிக் கிடக்கிறது. அஃதாவது நூறு மீட்டர் செல்வதற்குள் இரண்டு மீட்டருக்குச் சற்றே மிகுதியாக ஏறினால் போதும். குண்டு ஏற்றிய வண்டியின் பொருட்டு மென்மையாக்கிய அச்சரிவே, பின்னாளில் சிறுவனின் கால்வலிமைக்கும் முதியவரின் மூச்சுக்கும் அளவாயிற்று.

சரளையும் பாதைக்குப் பொருந்தியதே. சுற்றிலும் எழும் வெண்சாம்பல் நிறப் பாறையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்தவர் தொலொமியூ என்னும் பிரெஞ்சு அறிஞர். டோலமைட் என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததே. பொடித்த கல்லைப் பரப்பிய தரையில் மழைநீர் தேங்காமல் கீழிறங்கும். வண்டியும் ஓரளவுக்கு மேல் விரையாது. குளிர்காலத்தில் பனி மூடியபின் இதே வழியில் பனிச்சறுக்கு நடைபெறுகிறது.

பாதை காட்டும் பாடம்

கோர்த்தினாவிலிருந்து வடக்கே செல்வோர், பெலிசோன் ஓடை அறுத்த ஆழ்ந்த பிளவைப் பழைய பாலத்தின்மீது கடக்கின்றனர். அருகிலேயே பாறையைக் குடைந்த குகைவழியும் உண்டு. சீமபாங்கே தாண்டியதும் மாநிலம் மாறுகிறது. பெயர்ப்பலகைகளில் இத்தாலியத்தோடு ஜெர்மனும் சேர்கிறது. டொப்பியாக்கோவுக்கு ஜெர்மனில் தொப்லாக் என்று பெயர். போருக்குப்பின் ஜெர்மன் ஊர்ப்பெயர்கள் அரசின் ஆணையால் ஒதுக்கப்பட்ட காலமும் இருந்தது. இன்று இரு பெயர்களும் ஒரே பலகையில் நிற்கின்றன. ஒரு மக்களின் ஊர்ப்பெயரை அழித்தால் நாடு ஒன்றுபடும் என்ற எண்ணம் பொய்த்தமைக்கு அப்பலகை சான்று.

பாதை மேலும் வடக்கே இறங்கும்போது லாந்த்ரோ ஏரிக்கும் டொப்பியாக்கோ ஏரிக்கும் இடையில் மரநிழலில் ஓர் இடுகாடு தோன்றும். ஆஸ்திரியா-ஹங்கேரிப் படையைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். பல மொழியினர், பல சமயத்தினர். ஒரே பேரரசின் பெயரால் போருக்கு அழைக்கப்பட்டவர்கள். அப்பேரரசு 1918இல் மறைந்தது. அவர்களுக்கு உணவு கொண்டுவர இட்ட பாதையோ நிலைத்து நிற்கிறது.

வீழ்ந்த வீரருக்குச் சிலுவைகள் உண்டு. ஆனால் தொலைநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, பனியில் கல் உடைத்து மண் சுமந்த கைதிகளுள் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பாதைகளை ஆணையிட்ட அரசரையும் தளபதியரையும் நூல்கள் கூறும். அவற்றைத் தம் கையால் ஆக்கியவரைக் கூறுவது அரிது. இக்குறையை நிறைவு செய்வதும் வரலாறு கற்பிப்போரின் கடமையாகும்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. 1964இல் இப்பாதையை வென்ற மோட்டார் வாகனம், இன்று அலமாஞா சாலையைக் கோடைதோறும் நெருக்கடியால் நிரப்புகிறது. அந்நெரிசலிலிருந்து ஒதுங்க விரும்புவோருக்கு இடம் தருவது, அன்று தோற்ற பாதையே. கைவிட்ட நிலத்தைத் துண்டு துண்டாக்கி விற்றிருந்தால், எத்துணைப் பொருள் செலவிட்டாலும் இத்தகைய தொடர்வழியை மீண்டும் பெற இயலாது. காலம் ஒரு பொருளைப் பயனற்றதாக்கும். காத்து வைத்தால் அக்காலமே அதற்கு வேறொரு பயனைக் கொண்டுவரும். அழிவுக்கென்று இட்ட வழியை அமைதிக்கென்று ஆக்கிக்கொண்ட மலைநாட்டார் செயல், பழையன பேணும் எல்லா மக்களுக்கும் உரிய நற்சான்றாகும்.