முட்டிக்குள்ள ஒரு 'வேஸ்ட்' துண்டு

டர்ஃப்ல ஃபுட்பால் ஆடுற ஏதாவது ஒரு ஃப்ரெண்ட் "முட்டி ஜவ்வு கிழிஞ்சிடுச்சு மச்சி"ன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்த ஜவ்வு சில நேரம் லிகமென்ட், சில நேரம் மினிஸ்கஸ். இன்னைக்குக் கதை மினிஸ்கஸோடது.

தொடை எலும்பின் அடி உருண்டையாக இருக்கும். அது உட்காருகிற கீழ்க்கால் எலும்பின் மேல்பக்கமோ கிட்டத்தட்ட தட்டை. தரையில் வெச்ச பந்து மாதிரி, பாரம் முழுக்க ஒரே இடத்தில் இறங்கிடும். அப்படி ஆகாமல் ஓரத்தில் முட்டுக் கொடுக்கிற இரண்டு குருத்தெலும்புத் துண்டுகள்தான் மினிஸ்கஸ். உள்பக்கத்தில் இருப்பது பிறை வடிவம், வெளிப்பக்கத்தில் இருப்பது கிட்டத்தட்ட வட்டம்.

1883, எடின்பரோ. தாமஸ் அனன்டேல் என்ற சர்ஜன் ஒரு சுரங்கத் தொழிலாளியின் முட்டியைத் திறந்து, இடம் மாறிக் கிடந்த மினிஸ்கஸை தையல் போட்டுத் திரும்பப் பொருத்தினார். கவனிங்க, வெட்டி எடுக்கலை.

ஆனா அதே நூற்றாண்டு முடியறதுக்குள்ள, ஜான் பிளாண்ட்-சட்டன் லிகமென்ட்கள் பற்றிய தன் புத்தகத்தில், இது ஏதோ பழைய கால் தசையோட மிச்சம், இதுக்கு வேலையே இல்லைன்னு எழுதிட்டார். பரிணாமப் பேச்சு சூடா இருந்த காலம். புரியாத உறுப்புன்னா 'மிச்சம்'னு சொல்லிடறது வசதியா இருந்திருக்கணும்.

அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு, கிழிஞ்சா மொத்தமா எடுத்துடறதுதான் வழக்கம். ஏன் யாருக்கும் உறைக்கலைன்னா, எடுத்ததும் ஆள் நல்லாத்தான் இருப்பார். மாட்டிக்கிட்ட முட்டி விடுபடும், வலி குறையும், திரும்ப மைதானத்துக்கே போவார். தேய்மானம் தெரிய வருஷக்கணக்கா ஆகும். அதுக்குள்ள சர்ஜனும் அவரும் எங்கெங்கேயோ!

1936இல் கிங் என்பவர் நாய்களிடம் சோதித்து, எவ்வளவு எடுக்கிறோமோ அதற்கேற்ப மூட்டு கெடுகிறது என்று காட்டினார். 1948இல் ஃபேர்பேங்க், மினிஸ்கஸ் எடுத்த மனிதர்களின் எக்ஸ்ரேக்களில் எலும்பு இடைவெளி குறுகியிருப்பதையும் தொடை எலும்பின் உருண்டை தட்டையாகியிருப்பதையும் பதிவு செய்தார். அப்பவும் பழக்கம் லேசில் மாறலை. 1962இல் டோக்கியோவில் மசாகி வதானபே, ஆர்த்ராஸ்கோப் வழியா கிழிஞ்ச பகுதியை மட்டும் எடுத்தார்.

இப்போ முடிந்தவரை தைக்கத்தான் பார்க்கிறார்கள். ஆனா எல்லாக் கிழிசலையும் தைக்க முடியாது. பெரியவர்களுக்கு மினிஸ்கஸின் வெளி ஓரத்துக்கு மட்டும்தான் ரத்தம் போகும். அங்கே தையல் ஆற வாய்ப்பு அதிகம். உள் ஓரத்துக்கு ரத்த ஓட்டமே கிடையாது. அதனால ஸ்கேன் ரிப்போர்ட்டோட போறவங்க டாக்டரிடம் கேட்க வேண்டியது, கிழிசல் எந்த ஓரத்துல இருக்குன்னு.