கேம்ப்பில் வீராங்கனைக்குத் தொல்லையா? புகார் எங்கே கொடுக்கணும்?

2022 ஜூன். டெல்லியில் ஆசிய டிராக் சைக்கிளிங் போட்டி நெருங்கிய நேரம். ஸ்லோவேனியாவில் பயிற்சி எடுத்த இந்திய அணியில் ஒரே ஒரு பெண். "ரெண்டு பேருக்கு ஒரு ரூம்தான்" என்று சொல்லி, பயிற்சியாளர் தன் அறையில் தங்க வற்புறுத்தி அத்துமீறியதாக அவர் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் (சாய்) புகார் செய்தார்.

என்ன நடவடிக்கை?

அவரை சாய் உடனே நாடு திரும்ப வைத்தது. பயிற்சியாளரின் ஒப்பந்தம் ரத்தானது. மொத்த அணியும் திரும்ப அழைக்கப்பட்டது. வீராங்கனைகள் செல்லும் அணியுடன் பெண் பயிற்சியாளர் கட்டாயம் என்ற உத்தரவு அதற்குப் பிறகுதான் வந்தது!

கிருஷ்ணன்கோவில் மாதிரி ஊரில்?

2013-ம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி மைதானம், பயிற்சி மையம், போட்டி நடக்கும் இடம் எல்லாமே பணியிடம்தான். ஊழியர்கள் 10 பேருக்குக் குறைவான மையத்தில் உள் புகார்க் குழு இருக்காது. அப்போ விருதுநகர் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவை அணுகலாம். 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கணும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும்.

18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம். 1098-க்கு போன் பண்ணலாம், போலீஸுக்கும் நேரா போகலாம். "பொண்ணோட கேரியர் போயிடும்" என்று விஷயத்தை மறைக்கும் பயிற்சியாளர் மீதும் வழக்கு பாயும்.